பழைய மோட்டார் சைக்கிள் எந்த வருடத்தது? எண்ணும் முத்திரையும் முரண்படும்போது பார்க்க வேண்டியவை

கொங்கு நாட்டில் பழைய வண்டிக்குப் பஞ்சமில்லை. கோபி, பொள்ளாச்சி, தாராபுரம் என எந்தப் பக்கம் போனாலும் ஏதாவது ஒரு தோட்டத்துச் சாளையில் சாக்குப் போர்த்திய புல்லட்டோ ஜாவாவோ நிற்கும். வெளியே தள்ளித் துடைத்ததும் வரும் முதல் கேள்வி, "இது எந்த வருஷ வண்டி?"

இந்தக் கேள்விக்கு இப்போது சட்ட மதிப்பும் வந்துவிட்டது. முதல் பதிவு நடந்து 50 வருடம் தாண்டி, பெரிய மாற்றம் எதுவும் இல்லாமல் அசல் நிலையில் இருக்கும் வண்டிக்கு 'விஏ' எழுத்துகளோடு தனிப் பதிவெண் தரும் விதியை 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்தது. அதனால் வருடத்தைத் தப்பாகச் சொல்லி விற்பவர்களும் கூடியிருக்கிறார்கள், தப்பாகப் புரிந்துகொண்டு நல்ல வண்டியைச் சந்தேகப்படுபவர்களும் கூடியிருக்கிறார்கள்.

ஒரு வண்டிக்கு ஒரு வருடம் இல்லை, மூன்று வருடங்கள் உண்டு. தொழிற்சாலையில் செய்து முடித்த வருடம், கம்பெனி அதை எந்த ஆண்டின் மாடலாக விற்றதோ அந்த வருடம், இங்கே ஆர்.டி.ஓ. ஆபீசில் முதலில் பதிவான வருடம். மூன்றும் ஒன்றாக இருக்கலாம், பத்து வருடம் தள்ளியும் இருக்கலாம். கீழே சொல்லும் சிக்கல்களில் பாதி, இந்த மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வருபவை.

எண்ணே தெரியவில்லை

சேஸ் எண் பெரும்பாலும் ஹேண்டில் கழுத்திலோ அதிலிருந்து கீழே இறங்கும் முன் குழாயிலோ இருக்கும். இன்ஜின் எண், இன்ஜினின் அடிக்கூடான கிராங்க் கேஸில், சிலிண்டர் உட்காரும் இடத்துக்குச் சற்றுக் கீழே. இடது, வலது இரண்டு பக்கமும் பாருங்கள். அங்கே இல்லையென்றால் அழித்துவிட்டார்கள் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். நாலைந்து கோட் பெயின்ட், அதற்கடியில் பட்டி, அதற்கும் அடியில் பழைய கிரீஸ் என்று மூடிக் கிடக்கும். பவுடர் கோட்டிங் செய்த சேஸில் எண்ணின் பள்ளம் அப்படியே நிரம்பிப்போகும்.

கிரைண்டர், வயர் பிரஷ், உப்புத்தாள் மூன்றையும் தூரமாக வைத்துவிடுங்கள். பஞ்ச் (உலோகத்தில் எண் பதிக்கும் எஃகு அச்சு) வைத்து அடித்த எண்ணின் ஆழம் மிகக் குறைவு. அலுமினிய கிராங்க் கேஸில் ஒரு நிமிடம் வயர் பிரஷ் ஓட்டினால் அறுபது வருட அடையாளம் போய்விடும். மண்ணெண்ணெயில் நனைத்த பழைய டூத் பிரஷ்ஷால் அழுக்கை எடுங்கள். பெயின்டுக்குப் பெயின்ட் ரிமூவர் தடவி ஊறவிட்டு, மூங்கில் குச்சியால் மெதுவாகச் சுரண்டுங்கள். ஒருமுறையில் வராது, இரண்டு மூன்று முறை தடவ வேண்டியிருக்கும்.

சுத்தமான பிறகு சாக்பீஸ் தூளைத் தேய்த்து, மேலாகத் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் வெள்ளை நிற்கும். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். அப்புறம் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு எடுப்பதுபோல ஒரு பென்சில் பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய தாளை எண்ணின்மேல் அசையாமல் ஒட்டி, மெத்தென்ற பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்த்தால் எழுத்து வெள்ளையாக எழும். போட்டோவில் தெரியாத அரைகுறை எழுத்து பென்சில் பிரிண்டில் தெரியும். மூன்று பிரிண்ட் எடுத்து, தேதி எழுதி வையுங்கள். 3-ஆ 8-ஆ என்று பின்னால் தகராறு வரும்போது இந்தத் தாள்தான் கைகொடுக்கும்.

இத்தனை செய்தும் தெரியாமல் துரு தின்றிருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். பஞ்ச் விழுந்த இடத்துக்கு அடியில் இருக்கும் உலோகமும் அழுந்தியிருக்கும். அதனால் மேலே அழிந்த எண்ணைத் தடய அறிவியல் கூடத்தில் அமிலம் வைத்து மறுபடி எழுப்ப முடியும். அதை வீட்டில் முயன்றால் மிச்சமிருக்கும் தடயமும் கரைந்துபோகும்.

ஒன்றுக்கு நாலு எண் இருக்கிறது, எது சரி?

புடைத்து நிற்பது வார்ப்பு எண். உள்ளே பதிந்திருப்பதுதான் பஞ்ச் எண். கோவையில் பீளமேடு, சிங்காநல்லூர்ப் பக்கம் ஃபவுண்டரி வேலை பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். வார்ப்பு எண் அச்சோடு பிறப்பது, அந்த அச்சில் ஊற்றிய எல்லாப் பாகத்திலும் அதே எண்தான் இருக்கும். அதை வைத்து வருடம் சொல்ல முடியாது. வண்டிக்கு வண்டி மாறுவது பஞ்ச் எண் மட்டுமே.

ரிம்மில் 'டபிள்யூஎம்2-19' என்று இருந்தால் அது ரிம்மின் அளவு. அமால் கார்புரேட்டரில் 376 என்று இருந்தால் அது கார்புரேட்டர் வகை. இவற்றை வரிசை எண் என்று நினைத்துத் தேடிக் களைத்துப்போனவர்கள் பலர்.

பிரிட்டிஷ் இன்ஜின் என்றால், அடியில் படுத்துப் பார்க்கவும் ஒரு விஷயம் இருக்கிறது. கிராங்க் கேஸின் இரண்டு பாதிகளையும் ஜோடியாகப் பொருத்தித்தான் துளைபோடுவார்கள். அந்த ஜோடி பிரியாமல் இருக்க, பல தொழிற்சாலைகளில் இரண்டு பாதியின் அடிப்பகுதியிலும் ஒரே எண்ணை அடித்திருப்பார்கள். அது இன்ஜின் எண் இல்லை. ஆனால் இரண்டு பக்கமும் வெவ்வேறாக இருந்தால், இரண்டு இன்ஜின்களைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். மேலே இருக்கும் எண் சரியாகவே இருந்தாலும் அது பாதி இன்ஜினுக்குத்தான் சாட்சி.

எண்ணுக்கு முன்னாலோ பின்னாலோ எழுத்து இருக்கிறது, பொருள் புரியவில்லை

இந்த எழுத்துகளில்தான் பெரும்பாலான விடை இருக்கிறது. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு வழக்கம் என்பதால் பொது விதி ஒன்றைப் போட்டு எல்லா வண்டிக்கும் பார்க்கக் கூடாது.

மேட்ச்லெஸ், ஏஜேஎஸ் என்ற பிரிட்டிஷ் வண்டிகளில் 1950-களின் தொடக்கம் வரை வேலை சுலபம். இன்ஜின் எண்ணின் தொடக்கத்திலேயே வருடத்தின் கடைசி இரண்டு இலக்கம், ஒரு சாய்கோடு, அப்புறம் மாடல் பெயர். '48/18எஸ்' என்றால் 1948, ஏஜேஎஸ் 18எஸ். '42/ஜி3எல்' என்றால் போர்க்காலத்து மேட்ச்லெஸ்.

இன்னொரு பிரிட்டிஷ் கம்பெனியான பி.எஸ்.ஏ.வில் ஓர் எழுத்து முன்னால் வரும். எம்20 மாடலை எடுத்துக்கொண்டால் 'கேஎம்20' என்பது 1939, 'டபிள்யூஎம்20' என்பது இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ராணுவத்துக்குச் செய்தது, 'எக்ஸ்எம்20' போர் முடிந்த பிறகு வந்தது.

டிரையம்ஃபில் 1969 மாடலில் இருந்து இரண்டெழுத்து முறை. முதல் எழுத்து மாதம், இரண்டாவது எழுத்து மாடல் ஆண்டு. மாதத்துக்கு ஏ முதல் இ வரை ஜனவரி முதல் மே, எஃப் கிடையாது, ஜி ஜூன், ஹெச் ஜூலை, ஜே ஆகஸ்ட், கே செப்டம்பர், என் அக்டோபர், பி நவம்பர், எக்ஸ் டிசம்பர். ஆண்டுக்கு சி 1969, டி 1970, இ 1971, ஜி 1972, ஹெச் 1973. அதே காலத்து பி.எஸ்.ஏ.வுக்கும் இதே முறைதான்.

இங்கேதான் பலருக்கும் சந்தேகம் வரும். 'என்டி' என்று இருக்கும் வண்டியை 1970 அக்டோபரில் செய்தது என்று படித்துவிடுவார்கள். அப்படி இல்லை. அங்கே புது மாடல் ஆண்டு ஆகஸ்ட் வாக்கிலேயே தொடங்கிவிடும். அதனால் 'என்டி' என்பது 1969 அக்டோபரில் செய்து, 1970 மாடலாக விற்ற வண்டி. இதே வண்டியை இறக்குமதிக் காகிதம் 1969 என்றும், கம்பெனிக் கேட்டலாக் 1970 என்றும் சொல்லும். இரண்டுமே சரிதான்.

ஆர்எக்ஸ்100 வைத்திருப்பவர்கள் '1எல்1' என்ற தொடக்கத்தைப் பார்த்து அதில் வருடம் தேடுகிறார்கள். அது யமஹாவின் மாடல் குறியீடு, வருடம் இல்லை. 1985-இல் தொடங்கி 1996-இல் முடிந்த வண்டி அது. தொடக்க கால வண்டிகளில் பல பாகங்களில் ஜப்பான் முத்திரை இருக்கும். ஆனால் ஒரு பாகத்தில் ஜப்பான் முத்திரை இருப்பதால் மட்டும் முழு வண்டியும் முதல் வருட வண்டி ஆகிவிடாது. அந்தப் பாகத்தை யார் வேண்டுமானாலும் வாங்கி மாட்டலாம்.

இன்னொன்று: 17 இலக்க எண் ஒன்று 1960-களின் வண்டியில் இருக்கவே முடியாது. அந்த முறையே உலகத்தில் அப்போது இல்லை.

ஆர்.சி. புக்கில் ஒரு வருடம், எண்ணில் வேறு வருடம்

கொங்குப் பக்கம் அதிகம் வரும் சிக்கல் இது. கோபி பக்கத்தில் ஒரு பெரியவரின் பி.எஸ்.ஏ. எம்20 இதற்கு நல்ல உதாரணம். ஆர்.சி. புக்கில் 1953. இன்ஜினில் 'டபிள்யூஎம்20'. வாங்க வந்தவர் ஒருவர் "எண்ணு போலிங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

"ஏனுங் தம்பி, எங்கப்பாரு அம்பத்திமூணுல ஏலத்துல எடுத்த வண்டிங்க இது. புக்குலயும் அதேதானுங்க இருக்குது. இதுல எங்கீங்க போலி?" என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. "போலி இல்லீங்க ஐயா, ரெண்டுமே நிஜந்தானுங்க" என்பதுதான் அதற்குப் பதில். போருக்காகச் செய்த வண்டி, போர் முடிந்ததும் ராணுவத்தால் ஏலத்தில் கழிக்கப்பட்டு, வாங்கியவர் பெயரில் முதல்முறையாகச் சிவில் பதிவு ஆனது 1953-இல். எண் காட்டுவது பிறந்த வருடத்தை. புக் காட்டுவது பதிவான வருடத்தை. ஏலத்தில் வந்த எந்த வண்டிக்கும் இந்த இடைவெளி இருப்பதுதான் இயல்பு. இல்லாமல் இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

'விஏ' பதிவுக்குக் கணக்கு, முதல் பதிவு நடந்த நாளில் இருந்துதான். ஆகவே எம்20-யின் சொந்தக்காரர் 1940-களை நிரூபிக்க அலைய வேண்டியதில்லை, 1953-க்கான காகிதத்தைப் பத்திரமாக வைத்தால் போதும்.

பழைய பதிவைத் தேடுபவர்கள் மாவட்ட வரலாற்றையும் நினைவில் வைக்க வேண்டும். ஈரோடு, கோபி, பவானி எல்லாம் 1979 வரை கோயம்புத்தூர் மாவட்டம். திருப்பூர் தனி மாவட்டமானது 2009-இல். நாமக்கல் 1990-களின் பிற்பகுதி வரை சேலத்தோடும், கரூர் 1990-களின் நடுப்பகுதி வரை திருச்சியோடும் இருந்தவை. இன்றைய ஊர் ஆபீசில் பதிவேடு இல்லை என்றால் பழைய மாவட்டத் தலைநகரிலும் எழுதிக் கேளுங்கள். நம்பர் பிளேட்டும் கொஞ்சம் உதவும். எம் எழுத்தில் தொடங்கும் மூன்றெழுத்துப் பதிவு மெட்ராஸ் ஸ்டேட் காலத்து வழக்கம், டி எழுத்தில் தொடங்குவது தமிழ்நாடு என்று பெயர் மாறிய 1969-க்குப் பிந்தைய வழக்கம். 'டிஎன்' போட்டு மாவட்ட எண் வருவது 1980-களின் கடைசியில் தொடங்கியது. மறுபதிவு ஆன வண்டி பழைய எண்ணை இழந்திருக்கலாம். அதனால் பிளேட்டைத் துணைச் சாட்சியாக மட்டும் வையுங்கள்.

ஒரே ஒரு எழுத்தோ இலக்கமோ மட்டும் மாறியிருந்தால் பெரும்பாலும் எழுத்துப் பிழைதான். கையால் எழுதிய பழைய புக்கில் இருந்து கம்ப்யூட்டருக்கு ஏற்றும்போது 3 எட்டாகும், முன்னெழுத்து விட்டுப்போகும். பென்சில் பிரிண்டையும் பழைய புக்கையும் கொண்டுபோய் மோட்டார் வாகன ஆய்வாளரிடம் வண்டியைக் காட்டித் திருத்தம் கேளுங்கள். புக்குக்கு ஏற்ப வண்டியின் எண்ணைத் திருத்தித் தருகிறேன் என்று எந்தப் பட்டறைக்காரர் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள்.

இன்ஜின் எண்ணும் சேஸ் எண்ணும் ஒத்துப்போகவில்லை

'மேட்சிங் நம்பர்' (இரண்டு எண்ணும் ஒன்றாக இருப்பது) என்ற ஒரு வார்த்தை நல்ல வண்டிகளையெல்லாம் கெட்ட பெயர் வாங்க வைத்துக்கொண்டிருக்கிறது. 1950-கள், 60-களின் டிரையம்ஃபில் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். பி.எஸ்.ஏ.வில் 1960-களின் நடுப்பகுதி வரை தொழிற்சாலையிலேயே இரண்டும் வேறு வேறு. அங்கே பொருந்தாமல் இருப்பதுதான் அசல். பொருந்தினால்தான் சந்தேகப்பட வேண்டும்.

பி.எஸ்.ஏ., டிரையம்ஃப் இரண்டுக்கும் தொழிற்சாலையில் இருந்து வண்டி வெளியேறிய பதிவேடுகள் பிரிட்டனில் இருக்கும் விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப்பிடம் உள்ளன. ஏஜேஎஸ், மேட்ச்லெஸ் பதிவேடுகள் அந்த வண்டிகளின் உரிமையாளர் சங்கத்திடம். பென்சில் பிரிண்டோடு எழுதிக் கேட்டால், கட்டணம் வாங்கிக்கொண்டு தேடித் தருவார்கள். எந்த இன்ஜின் எந்த சேஸோடு போனது என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது.

இன்ஜின் பின்னால் மாற்றப்பட்டது உறுதியானால், மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறியிருந்தால் வண்டி சட்டப்படி சரி. வருடத்தைச் சொல்லும்போது சேஸின் வருடத்தையே சொல்லுங்கள்.

எண் பழசு, பாகங்கள் புதுசு (அல்லது நேர்மாறாக)

பாகங்களுக்கும் தேதி உண்டு. லூகாஸ் மேக்னெட்டோ, டைனமோ, ஹாரன் போன்றவற்றின் மேல் மாதமும் வருடமும் சிறிய எண்களாக அடித்திருக்கும். '2 56' என்றால் 1956 பிப்ரவரி. பாகத்தின் தேதி வண்டியின் தேதிக்குச் சில மாதம் முன்னால் இருப்பது இயல்பு. மேக்னெட்டோவும் டைனமோவும் ஹெட்லைட்டும் அடுத்தடுத்த மாதங்களைக் காட்டினால் அந்த வண்டி யாரும் பிரிக்காத வண்டி. அப்படி ஒன்றைப் பார்ப்பது உண்மையிலேயே சந்தோஷமான விஷயம்.

பிந்தைய பாகம் எதையும் பொய்யாக்காது. அது மாற்றப்பட்டது என்று மட்டும் சொல்லும். 1950 மாடல் வண்டியில் அமால் மோனோபிளாக் கார்புரேட்டர் இருந்தால் அது பின்னால் மாட்டியது, ஏனென்றால் அந்த வகையே 1950-களின் நடுவில்தான் வந்தது. அமாலின் கான்சென்ட்ரிக் வகை என்றால் 1967-க்குப் பிறகு. லூகாஸ்-டிவிஎஸ் என்று பொறித்த எதுவும் 1961-க்கு முன்னால் இருக்க வழியில்லை, அந்தக் கம்பெனியே அப்போதுதான் தொடங்கியது.

கம்பெனி வரலாறே சில கதைகளை அடைத்துவிடும். மெட்ராஸில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியது 1955. "1952 மெட்ராஸ் புல்லட்" என்று யாராவது சொன்னால் அது இங்கிலாந்தின் ரெட்டிச்சில் செய்த வண்டியாக இருக்கலாம், அல்லது வருடம் தப்பு. ஹெட்லைட்டையும் ஸ்பீடோமீட்டரையும் ஒரே கூட்டுக்குள் அடக்கிய முகப்பு 1954 மாடலில்தான் வந்தது. அதற்கு முந்தைய புல்லட் என்று சொல்லும் வண்டியில் அந்த முகப்பு இருந்தால் ஃபோர்க்கை மாற்றியிருக்கிறார்கள்.

ஜாவாவுக்கும் அப்படியே. மைசூரில் ஐடியல் ஜாவா உற்பத்தி தொடங்கியது 1961. அதற்கு முந்தையது செக்கோஸ்லோவாகியாவில் இருந்து வந்தது. டேங்கில் யெஸ்டி என்ற பெயர் ஏறியது 1970-களில். யெஸ்டியின் ரோடு கிங் மாடல் 1978-இல் வந்தது. '1972 ரோடு கிங்' என்று ஒரு வண்டி கிடையாது. டேங்க், பேட்ஜ், கவர் மூன்றும் கோவை உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் கைமாறிக்கொண்டே இருப்பவை. அதனால் பேட்ஜைப் பார்த்து வருடம் சொல்லவே கூடாது.

மரையையும் பாருங்கள். பழைய பிரிட்டிஷ் வண்டியில் விட்வொர்த் குடும்பத்து மரைகள், ஜாவாவில் மெட்ரிக். பிரிட்டிஷ் கிராங்க் கேஸில் மெட்ரிக் ஸ்பானர் கச்சிதமாக உட்கார்ந்தால், அந்த இடத்தில் நம்மூர் லேத் பட்டறையின் கை பட்டிருக்கிறது.

எண் புதிதாக அடித்ததுபோல் இருக்கிறது

முதலில் எண் இருக்கும் மேடையை, அதாவது எண் அடித்திருக்கும் சமதளத்தைப் பாருங்கள். தொழிற்சாலை மேடையில் மிஷின் கோடுகள் நேர்த்தியாக ஒரே திசையில் ஓடும், அல்லது வார்ப்பின் மணல் சொரசொரப்பு அப்படியே இருக்கும். அரம் போட்ட மேடையில் கோடுகள் குறுக்கும் நெடுக்கும் போகும். ஒரு ஸ்டீல் ஸ்கேலை நிமிர்த்தி மேடையின்மேல் வைத்துப் பின்னால் இருந்து டார்ச் அடியுங்கள். நடுவில் வெளிச்சம் ஒழுகினால் அங்கே உலோகத்தை எடுத்திருக்கிறார்கள்.

அடுத்து எழுத்தின் ஓரம். பழைய பஞ்ச்சின் ஓரம் மழுங்கி, பள்ளத்தின் அடியும் மேடையும் ஒரே நிறத்தில் கறுத்திருக்கும். புதிதாக அடித்தால் ஓரத்தில் எழும்பிய பிசிறு நகத்தில் தட்டும், பள்ளத்தின் அடி பளபளக்கும்.

அப்புறம் ஒரே இலக்கம் இரண்டு இடத்தில் வந்தால், பூதக்கண்ணாடி வைத்து ஒப்பிடுங்கள். இரண்டு 3-உம் ஒரே பஞ்சில் அடித்தவை என்றால், ஒன்றின் வாலில் இருக்கும் சிறு உடைசல் மற்றதிலும் இருக்கும். ஒரு 3-இன் தலை தட்டையாகவும் மற்றொன்றின் தலை வளைவாகவும் இருந்தால், இரண்டில் ஒன்று வேறு நாளில் வேறு கை அடித்தது.

எண் கோணலாக இருப்பது மட்டும் குற்றமில்லை. அந்தக் காலத்தில் தொழிலாளி ஒவ்வொரு இலக்கமாகச் சுத்தியலால் அடித்தார். கொஞ்சம் ஏறி இறங்கித்தான் இருக்கும். மாறாக, புள்ளி புள்ளியாகக் குத்திய எண் 1960-களின் வண்டியில் இருந்தால் அது கண்டிப்பாகப் பிந்தையது.

மறுபடி அடித்த எல்லா எண்ணும் திருட்டும் இல்லை. செயின் அறுந்து கிராங்க் கேஸை உடைத்திருக்கும், வெல்டிங் வைத்தபோது எண் போயிருக்கும். அப்படியானால் அதற்கான காகிதம் இருக்க வேண்டும். காகிதமும் இல்லை, மேடையும் தேய்ந்திருக்கிறது என்றால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். எண் மாற்றிய வண்டியை போலீஸ் பிடித்தால் நல்ல மனதோடு வாங்கியவரும் ஸ்டேஷன் படியேற வேண்டியிருக்கும்.

எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் ஒரு வருடம் சிக்கவில்லை

அப்படியானால் ஒரு வருடத்தை இழுத்துப் பிடித்துச் சொல்ல வேண்டாம். 'சேஸ் எண்ணின்படி 1955-க்கும் 1958-க்கும் இடையில், முதல் பதிவு 1959' என்று எழுதி, எந்த வரி எந்தச் சான்றில் இருந்து வந்தது என்பதையும் பக்கத்தில் குறித்துவிடுங்கள். பென்சில் பிரிண்ட், லூகாஸ் தேதிகளின் போட்டோ, பழைய ஆர்.சி. புக், இன்சூரன்ஸ், டாக்ஸ் டோக்கன், வாங்கிய ரசீது எல்லாம் ஒரே ஃபைலில். 'விஏ' பதிவுக்கு விண்ணப்பிப்பது படிவம் 20-இல், புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பதிவு 10 வருடம் செல்லும். அந்தப் பதிவில் கண்காட்சிக்கும் விண்டேஜ் பேரணிக்கும் பெட்ரோல் போடவும் பராமரிப்புக்கும் ஓட்டலாம், தினமும் தோட்டத்துக்குப் போய்வர முடியாது. தினம் ஓட்டும் ஆசை இருந்தால் சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

பெயின்ட் வேலைக்குக் கொடுக்கும் முன், எண் இருக்கும் இரண்டு மேடைகள் மேலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, "இங்கே பட்டியும் கூடாது, உப்புத்தாளும் கூடாது" என்று பட்டறை அண்ணனிடம் நேரில் நின்று சொல்லிவிட்டு வாருங்கள்.